பட்டணத்தில் குடியேறுமுன்...

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். தக்கலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்திருந்தார். மகனுக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சிறு பிள்ளைகள் இரண்டு. குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடுவதென்று முடிவாகிவிட்டது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன: மண்ணடி, திருவல்லிக்கேணி, சோழிங்கநல்லூர்.

"உஸ்தாதே, இந்த மூன்றில் எந்தப் பக்கம் வீடு எடுத்தால் நல்லது? மார்க்கப்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நாம் அதிகம் யோசிக்கவில்லை. "பள்ளிவாசல் பக்கத்தில் பாருங்கள்; மற்றதெல்லாம் தானே அமையும்" என்று சொல்லிவிட்டு, லுஹருக்கு நேரமாகிறதென்று எழுந்தோம். அப்போது அதுவரை பேசாதிருந்த மருமகள், தலை முக்காட்டைச் சரி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார்: "உஸ்தாதே, பள்ளிவாசலுக்கு இவர் போவார். காலை முதல் இரவு வரை அந்த வீட்டில் இருக்கப் போவது நானும் பிள்ளைகளும்தான். எங்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?"

அந்தக் கேள்வி நம்மை வெட்கமுறச் செய்தது. மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, இரவு கிதாபுகளைத் திறந்தோம். அன்று கண்டவற்றை, பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நம் முன்னோருக்கு இந்தக் கவலை இவ்வளவு இருந்ததில்லை. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை நமக்குத் தலைநகர் திருவனந்தபுரம். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். இன்று பிழைப்பு வடக்கே, 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. உம்மாவும் வாப்பாவும் நினைத்தவுடன் போய்ப் பார்க்க இயலாத தொலைவு. ஆகவே குடியிருக்கும் தெருவே அங்கே பாதிச் சொந்தமாக வேண்டும்.

இப்ராஹீம் நபி காட்டிய வரிசை

குடும்பத்தை ஓர் அந்நிய இடத்தில் குடியேற்றிய தந்தை ஒருவரைப் பற்றி அருள்மறை சொல்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியார் ஹாஜர் அம்மையாரையும் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களையும் பயிரற்ற பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு அல்லாஹ்விடம் கையேந்துகிறார்கள். சூரா இப்ராஹீமின் 37-ஆம் ஆயத்தில் அந்தத் துஆ இருக்கிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். உன் புனித ஆலயத்தின் அருகே இவர்களைக் குடியேற்றினேன், இவர்கள் தொழுகையை நிலைநாட்டுவதற்காக என்கிறார்கள், இது முதலாவது. மனிதர்களின் உள்ளங்களை இவர்கள்பால் சாயச் செய்வாயாக என்கிறார்கள், இது இரண்டாவது. கனிகளைக் கொண்டு இவர்களுக்கு உணவளிப்பாயாக என்கிறார்கள், இது மூன்றாவது.

தொழுகை, மனித உள்ளங்கள், ஜீவனம் என்பதே இந்த வரிசை. நாம் அந்தப் பெரியவருக்கு முதலாவதை மட்டும் சொல்லி எழுந்தோம். மருமகள் கேட்டது இரண்டாவதை. வீட்டுத் தரகரோ மூன்றாவதை மட்டுமே பேசுவார். மூன்றையும் இதே வரிசையில் பார்ப்போம்.

முதலாவது: தொழுகை

பாங்கொலி கேட்கும் வீடு கிடைத்தால் அது பெரும் பாக்கியம். எனினும் பள்ளியை ஒட்டியே வீடு இருந்தாக வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. மதீனாவில் பனூ ஸலமா கூட்டத்தார் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளியருகே இடம் பெயர விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, இருக்கும் இல்லங்களிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் நன்மையாக எழுதப்படுகின்றன என்ற கருத்தில் கூறித் தடுத்தார்கள். மதீனாவின் ஓரப்பகுதி வெறிச்சோடிப் போவதை அவர்கள் விரும்பவில்லை என்று ஸஹீஹுல் புகாரியில் காணப்படுகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் நெருங்கிவிட்டால் மற்ற பகுதிகள் என்னாவது என்ற கவலை அதில் இருக்கிறது.

ஆகவே பள்ளிக்கு எத்தனை அடி என்பதோடு நின்றுவிடாமல் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு மக்தப் உண்டா? எந்த நேரத்தில் நடக்கிறது? பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தோடு மோதுகிறதா? பாடம் எந்த மொழியில்? திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பகுதிகளில் உருது புழங்கும் மஹல்லாக்கள் மிகுதி. திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் நினைவைச் சொல்வது. மண்ணடியிலோ காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வியாபாரத்துக்காக வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் உண்டு. பயானும் பேச்சும் தமிழில் கேட்கலாம். உருது தெரியாத பிள்ளை உருது வழி மக்தபில் அமர்ந்தால், ஓதல் வரும்; பொருள் வராது.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் உண்டு. ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளை ஹனஃபீ பள்ளியருகே குடியேறினால், அஸர் ஜமாஅத் தன் வழக்கத்தைவிடத் தாமதமாக நடப்பதையும், சுப்ஹில் குனூத் ஓதப்படாததையும் காண்பான். இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒரு மத்ஹபினர் மற்ற மத்ஹப் இமாமின் பின்னே தொழுது வருவது காலங்காலமான நடைமுறை. இதைக் காரணம் சொல்லி வீட்டில் தனியே தொழுவதுதான் நஷ்டம்.

மறந்துவிடும் விஷயம் ஒன்றும் உண்டு. ஊரில் நிகாஹ் என்றாலும் மய்யித் என்றாலும் ஜமாஅத் முன்னின்று செய்யும். பட்டணத்தில் நீங்கள் யார் என்றே மஹல்லாவுக்குத் தெரியாது. குடியேறிய முதல் மாதத்திலேயே பள்ளி நிர்வாகத்தைக் கண்டு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சந்தாவையும் கபரஸ்தான் ஏற்பாட்டையும் கேட்டு வையுங்கள். துக்கம் வந்த பிறகு கேட்பது கடினம்.

வீடு பார்க்கச் செல்லும் நாட்களைப் பற்றி ஒரு மஸ்அலா: ஊரிலிருந்து சென்னை, கஸ்ருக்கு வேண்டிய தூரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்தோடு செல்பவர் ஷாஃபிஈ மத்ஹபில் பிரயாணியே. ஹனஃபீ மத்ஹபில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க நாடியவர் பிரயாணி. அவர்கள் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். குடியேறி நிலையாகத் தங்கிவிட்டால் அந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது: மனித உள்ளங்கள்

அல்ஜாரு கப்லத் தார் என்பது அரபு மக்களிடையே வழங்கும் சொல். வீட்டுக்கு முன் அயலாரைப் பார் என்பது பொருள். இதை நபிமொழியாகவும் சொல்வார்கள். ஆயினும் அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளதால், நாம் அதைப் பழமொழியாகவே எடுத்துக்கொள்கிறோம். அதன் கருத்துக்கு அருள்மறையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. ஃபிர்அவ்னின் மனைவியார் ஆசியா அம்மையாரின் துஆ சூரா தஹ்ரீமில் 11-ஆம் ஆயத்தில் வருகிறது. அவர்கள் சுவனத்தில் வீடு கேட்கும்போது, உன்னிடத்தில் என்பதை முதலிலும் வீடு என்பதைப் பிறகும் சொன்னார்கள். வீட்டுக்கு முன் அண்மையைத் தேர்ந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் இதை விளக்குகிறார்கள். மாளிகையில் வாழ்ந்தும், கொடியவனின் அண்மையால் துன்புற்ற ஒரு பெண்மணியின் துஆ அது. நம் வாசலில் நின்று அந்த மருமகள் கேட்டதும் இதே கேள்விதானே!

ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாமல் உபதேசித்ததால், அவர்களுக்குச் சொத்தில் பங்கே கொடுத்துவிடுவாரோ என்று எண்ணும் அளவுக்கு ஆனதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. நிலையான குடியிருப்பில் அமையும் கெட்ட அயலாரைவிட்டு அவர்கள் பாதுகாவல் தேடியதாக நஸாயீயில் வருகிறது. பிரயாணத்தில் வாய்க்கும் அயலார் விலகிப் போய்விடுவார். குடியிருப்பில் வாய்ப்பவர் போவதில்லை.

அயலாரை எப்படி அறிவது? வீட்டைப் பகலில் ஒருமுறை பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சுப்ஹுக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மாலையில் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களா? பெண்கள் தனியே கடைக்குப் போய் வருகிறார்களா? இரவில் முனையில் கூடுவோர் எப்படிப்பட்டவர்கள்? மளிகைக் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். அந்தத் தெருவின் சேதி எல்லாம் அவரிடம் இருக்கும். முடிந்தால் மனைவியையும் அழைத்துச் சென்று, பக்கத்து வீட்டுப் பெண்களோடு இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கப் போகிறவரின் யோசனையைக் கேட்காமல் வீடு தேர்வது நியாயமாகாது.

அயலார் என்றால் முஸ்லிம்கள் மட்டும்தானா? சூரா அந்நிஸாவின் 36-ஆம் ஆயத் உறவுள்ள அயலாரையும் அந்நிய அயலாரையும் சேர்த்தே சொல்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அயலாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். ஜிப்ரீலின் உபதேசம் பற்றிய ஹதீஸை அப்போதே நினைவூட்டினார்கள். இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

குமரி மாவட்டத்தாருக்கு இது புதிய பாடமன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமக்கள் கணக்கெடுப்பின்படி இங்கே நூறு பேரில் ஏறத்தாழ நால்வர்தாம் முஸ்லிம்கள். மாதாகோயில் மணியும் கோவில் மேளமும் பாங்கொலியும் ஒரே காற்றில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனவே முஸ்லிம்கள் மட்டுமே வாழும் தெருவைத்தான் தேட வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். அதே நேரத்தில், கூப்பிடு தூரத்தில் ஒரு தொழுகையாளியும் இல்லாத இடத்தில் சிறு பிள்ளைகளை வளர்ப்பதும் கவலைக்குரியதே. நோன்பு வந்தது தெரியாமல், பெருநாள் தக்பீர் கேட்காமல் வளரும் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவர் மட்டும் போதமாட்டார்கள். பள்ளியும் சில முஸ்லிம் குடும்பங்களும் எட்டும் தொலைவில் இருக்க, பல சமயத்தாரும் கலந்து வாழும் தெருவே பெரும்பாலோர்க்கு ஏற்றது என்பது நம் எண்ணம்.

இங்கே ஒரு கசப்பையும் மறைக்காமல் எழுதியாக வேண்டும். பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லிவிடுவோர் பட்டணத்தில் உண்டு. சைவம் உண்போருக்கு மட்டும் என்று பலகை மாட்டுவோரும் உண்டு. நாம் ஓதி முடித்த புதிதில் இமாமத்துக்காகச் சென்னை சென்று வீடு தேடியபோது, மாடிப்படி ஏறும்வரை இருந்த வீடு, தொப்பியைக் கண்டதும் வாடகைக்குப் போய்விட்டதாயிற்று. அன்று மனம் மிக நொந்தது. ஆனாலும் இதற்காக ஒருவர் பெயரை மாற்றிச் சொல்வதோ, இறைச்சி சமைப்பதில்லை என்று பொய் சொல்வதோ கூடாது. பொய்யில் தொடங்கிய குடியிருப்பில் பரக்கத் இராது. ஒவ்வொரு நாளும் கதவைத் தாழிட்டுக்கொண்டு சமைக்கும் வாழ்க்கை, வாழ்க்கையுமன்று. ஸலாத்தோடு விலகி அடுத்த கதவைத் தட்டுங்கள். அல்லாஹ்வின் பூமி விசாலமானது. நமக்கு மறுக்காமல் வீடு கொடுத்தவர் நெற்றியில் திருநீறு அணிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதையும் நன்றியோடு சொல்கிறோம்.

அடுக்கு மாடி வீட்டில் குடியேறுவோருக்கு அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லம் நல்ல பாடம். ஹிஜ்ரத்தில் வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். மேல்தளத்தில் இருந்த அபூ அய்யூப் (ரலி) அவர்கள், ஓர் இரவு விழித்து, அல்லாஹ்வின் தூதரின் தலைக்கு மேல் நடக்கிறோமே என்று பதறி, வீட்டாரோடு ஓர் ஓரமாக ஒதுங்கியே இரவைக் கழித்தார்கள். மேலே தண்ணீர்ப் பாத்திரம் உடைந்தபோது, கீழே சொட்டிவிடக் கூடாதே என்று கணவனும் மனைவியும் தங்கள் போர்வையால் அந்நீரை ஒற்றி எடுத்ததாக வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. கீழ்வீட்டாரின் தலைக்கு மேல் நள்ளிரவில் கட்டிலை இழுப்பவரும், பால்கனி கழுவிய நீரைக் கீழே காயும் துணிமேல் விடுபவரும், பிறர் வாசலை மறித்து வண்டி நிறுத்துபவரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது: ஜீவனம்

இப்ராஹீம் (அலை) அவர்கள் கனிகளையும் கேட்டார்கள். எனவே வாடகை, தண்ணீர், போக்குவரத்து முதலியவற்றைப் பார்ப்பது உலக ஆசையாகாது. அவை மூன்றாம் இடத்தில் நிற்க வேண்டியவை, அவ்வளவே.

தண்ணீர் வராத இடத்தைப் பற்றி விசாரிக்கும் நாம், தண்ணீர் புகும் இடத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைப் பகுதிகளும், மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தத்தளித்தன. சதுப்பு நிலத்தை ஒட்டிய பூமி தன் நீரை மறப்பதில்லை. இந்த இரு ஆண்டுகளிலும் இந்தத் தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். தரகரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது மிக முக்கியமானது. வாடகையே வேண்டாம், சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்தால் போதும், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். நம் பக்கத்தில் ஒற்றி என்றும், பட்டணத்தில் லீஸ் என்றும் இதற்குப் பெயர். பார்க்க இலாபமாகத் தோன்றும். ஆனால் கொடுக்கும் தொகை கடன். அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் ஆதாயம், வாடகையின்றிக் குடியிருப்பது. ஆதாயத்தை நிபந்தனையாகக் கொண்ட கடன் வட்டியே என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. பள்ளிவாசலுக்கு எதிர்வீடாக இருந்தாலும் இந்த வழியில் எடுக்காதீர்கள். சற்றுத் தள்ளிப் போனாலும் நேர்மையான வாடகை வீடே ஹலால்.

வாடகை உடன்படிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரா பகராவின் 282-ஆம் ஆயத் கட்டளையிடுவது, பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காகவே. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் எழுத்து மூலமான உடன்படிக்கையைக் கேட்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. வாடகைக்கு விடும் முஸ்லிம் செல்வந்தர்களுக்கும் இதை நினைவூட்டுகிறோம்: மஹல்லாவுக்குள் வீடு தேடி வரும் ஏழையிடம் பத்து மாத முன்பணம் கேட்பவர், அவரைப் பள்ளியைவிட்டுத் தூரமாக்குகிறார்.

முடிவாக

மறுநாள் அந்தக் குடும்பத்தாரிடம் இவற்றைச் சொன்னோம். மூன்று இடங்களில் இதுதான் என்று நாம் எதையும் சுட்டவில்லை. இஸ்திகாரா தொழுங்கள், அறிந்தவர்களோடு கலந்தாலோசியுங்கள், மருமகளையும் அழைத்துச் சென்று பாருங்கள் என்றோம். கடைசியில் அவர்கள் எடுத்தது காகிதத்தில் இல்லாத இடம். பல்லாவரத்தில், பள்ளிவாசலுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு மாடி வீடு. துரைப்பாக்கம் செல்லும் 200 அடிச் சாலை வழியே மகன் வேலைக்குப் போய் வருகிறார். அலுவலகம் முன்னிலும் தூரம்தான்.

ஆறு மாதம் கழித்துப் பெரியவரைக் கண்டபோது விசாரித்தோம். குடியேறிய மூன்றாம் நாள் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதாம். மகன் வேலையில் இருந்தார். கீழ்வீட்டுக் கிறிஸ்தவ அம்மையார்தாம் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். எதிர்வீட்டு ஹாஜியார் மனைவி பெரிய பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துச் சோறூட்டியிருக்கிறார். "தெருப் பெயரைப் படிக்குமுன் பக்கத்து வீட்டார் பெயரைப் படித்துவிட்டாள், உஸ்தாதே" என்று பெரியவர் மகிழ்ந்து சொன்னார்.

வாசகர்களே! நல்ல அயலாரைத் தேடும் நாம், நாமும் ஒருவருக்கு அயலார் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிதாக யார் வரப் போகிறார்களோ என்று அந்தத் தெருவில் ஒரு தாய் கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள். எவருடைய தீங்கிலிருந்து அயலார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவராகார் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. குழம்பு வைக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அயலாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். இரண்டு அயலாரில் யாருக்கு அன்பளிப்பு அனுப்புவது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்டபோது, வாசல் அருகிலிருப்பவருக்கு என்றார்கள். சாமான்களை இறக்கிய அன்றே, சமைத்ததில் ஒரு கிண்ணம் அருகிலுள்ள வாசலுக்குப் போகட்டும். அவர்கள் உண்ணக்கூடியதா என்று கேட்டுக் கொடுங்கள். சைவ வீடென்றால் பழமோ இனிப்போ போதும்.

வல்ல அல்லாஹ், ஊரைப் பிரிந்து வாழும் நம் பிள்ளைகளுக்குத் தொழுகைக்கு ஏற்ற இடத்தையும், அன்பு கொண்ட அயலாரையும், ஹலாலான உணவையும் தந்தருள்வானாக! நம்மையும் பிறருக்கு நல்ல அயலாராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.